புதுவைக்குப் போகிறீர்களா? அவர்கள் காட்டாததைப் பாருங்கள்!

"நேரத்துக்குச் சற்று ஓய்வு கொடுங்கள்!"

புதுச்சேரிச் சுற்றுலாத் துறை பல காலம் ஆங்கிலத்தில் போட்டுவந்த விளம்பர வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். யாரைப் பார்த்து எழுதியது என்று விளக்க வேண்டியதில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கடற்கரையில் கால் நீட்டக்கூடியவர்களைப் பார்த்து எழுதியது. சங்கு ஊதுமுன் ஓட்டமும் நடையுமாக மில் வாசலுக்குப் போகிறவரை நினைத்து அதை எழுதவில்லை. விடியற்காலை நாற்று முடிச்சைத் தூக்குகிறவளை நினைத்தும் எழுதவில்லை.

ஆனால் தோழர்களே, இதில் ஒரு கொடுமையான வேடிக்கை இருக்கிறது. நேரத்துக்காக, அதாவது வேலை நேரத்தைக் குறைப்பதற்காக ரத்தம் சிந்திய ஊர் அது! 1936 ஜூலை 30-ஆம் நாள் புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு சர்க்காரின் படை சுட்டது. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது எட்டு மணி நேர வேலை. ஓய்வைக் கூவி விற்கிற அதே ஊரில், ஓய்வு என்ற உரிமையை உயிர் கொடுத்து வாங்கியவனுக்கு விளம்பரத் தாளில் ஒரு வரி கிடையாது. வெள்ளைச் சுவர், மஞ்சள் சுவர், சுவரில் படரும் காகிதப் பூச்செடி, சந்து முனையில் காபிக் கடை! இவ்வளவுதான் புதுச்சேரியாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

போகலாமா, வேண்டாமா?

நிச்சயம் போக வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "கூலிக்காரனுக்கு ஊர் சுற்றல் ஒரு கேடா?" என்று ஏளனம் பேசுகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். நம்மிலேயே சிலர் "அந்தப் பணத்தில் வீட்டுக்கு நாலு சாமான் வாங்கலாமே" என்று குற்ற உணர்ச்சியோடு இருந்துவிடுகிறார்கள். கடலைப் பார்க்க ஆசைப்படுவது குற்றமா? பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு நாள் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்பது ஆடம்பரமா? இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதப்பட்டது எந்த முதலாளியின் தயவாலும் வந்ததல்ல. வயல் வேலை செய்யும் தோழருக்கோ அதுவும் இல்லை. மழை பெய்து வேலை நின்ற நாள்தான் அவருக்கு லீவு, கூலியில்லாத லீவு.

ஆகவே போங்கள். ஆனால் விளம்பரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அதைத் தயாரித்தவர் கண்ணில் உங்களைப் போன்றவர்கள் படுவது இரண்டே வேடத்தில்தான். பெட்டி தூக்குகிற ஆளாகவோ, தெருக் கூட்டுகிற ஆளாகவோ. அந்த ஊரில் நீங்கள் விருந்தாளியாக எதைப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

"வெள்ளை நகரம்" – பெயரிலேயே வெட்கமில்லை

புதுவையின் பழைய நகரம் முட்டை வடிவத்தில் அமைந்தது. நடுவிலே வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் காற்று வீசுகிற பக்கம், வெள்ளைக்காரர்கள் வாழ்ந்தார்கள். மேற்கே தமிழர்கள். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் கிழக்குப் பக்கத்தை வெள்ளை நகரம் என்றும், மேற்குப் பக்கத்தைக் கறுப்பு நகரம் என்றும் கூச்சமின்றி எழுதினார்கள். அவர்கள் எழுதியதில் ஆச்சரியம் இல்லை, ஏகாதிபத்தியம் அப்படித்தான் எழுதும். துரையை உட்காரவைத்து ஆள் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் "புஷ்புஷ்" வண்டி ஓடிய தெருக்கள் அவை. தமிழன் அந்தப் பக்கம் போனது சமைக்க, கூட்ட, வண்டி தள்ள.

1954 நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் இணைப்பு முடிந்தது. ஆட்சி போய் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கு ஓட்டல் விலாசங்களைப் பாருங்கள். "ஒயிட் டவுன்"! பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் வாடகை ஏறுகிறதாம். நிறவெறிக்குப் பிறந்த பெயரை வியாபாரப் பெயராக்கியாயிற்று. நம்மவர்கள் பிள்ளைகளை அந்தச் சுவர்களின் முன் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அழகான சுவர்கள்தான். அந்தச் சுண்ணாம்பை அரைத்ததும் செங்கல்லைச் சுமந்ததும் வாய்க்காலுக்கு மேற்கே இருந்தவன்தான் என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுக்கட்டும்.

அந்த மாளிகைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி நீலத்துணியிலிருந்து வந்தது. தமிழ் நெசவாளி நெய்து அவுரிச் சாயத்தில் தோய்த்த முரட்டு நீலத்துணிக்குப் பிரெஞ்சு வியாபாரிகள் "கினே" என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு, செனகால் பக்கம் போயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே அந்தத் துணியைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள்! ஆம், அடிமைகளை. அடிமை வியாபாரம் தடைப்பட்ட பிறகு, 19-ஆம் நூற்றாண்டில், அதே துணியைக் கொடுத்து வேலம் பிசின் வாங்கினார்கள். நம் பாட்டன் கைரேகை படிந்த துணி இன்னொரு கறுப்புப் பாட்டனின் விலையாக எடை போடப்பட்டது. நெய்தவனுக்குத் தெரியாது, விற்கப்பட்டவனுக்கும் தெரியாது. தெரிந்தவன் நடுவிலே இருந்தவன் ஒருவனே.

மனித வியாபாரம் ஆப்பிரிக்காவோடு நின்றதா? இங்கேயும் ஆள்பிடித்துக் கப்பலேற்றிய சேதி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. துய்ப்ளேக்சுத் துரையின் துபாஷியாக இருந்த பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய குறிப்புகள் அவை. அவருடைய வீட்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். பாருங்கள், மரத் தூண்களும் முற்றமும் பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் அந்தக் குறிப்பில் உள்ள இந்தப் பக்கத்தை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கை ஒடிந்தது போலாயிற்று. அடுத்த வழி என்ன? "ஒப்பந்தக் கூலி"! ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புக் காடுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழ் விவசாயக் கூலிகளை ஏற்றினார்கள். 1853-இல் மார்த்தினிக் தீவுக்குப் போய்ச் சேர்ந்த முதல் கூலிக் கப்பல் புறப்பட்டது புதுவையிலிருந்துதான். வயல் வேலைத் தோழர்களே, நீங்கள் கடற்கரைச் சாலையில் நின்று அலையைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். உங்களைப் போல அரிவாள் பிடித்தவர்கள், வட்டிக்கும் பஞ்சத்துக்கும் தப்ப முடியாமல், அந்த அலையின்மேல் படகில் போய்க் கப்பல் ஏறினார்கள். அவர்களில் மிகப் பலர் திரும்பவே இல்லை.

கடற்கரையிலே போர் நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களுக்காக 1938-இல் திறந்தது. செத்தவர்களை நாம் இகழவில்லை, அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். மில் வாசலில் 12 பேரைச் சுட்டது 1936-இல். நினைவுச் சின்னம் திறந்தது 1938-இல். துரைமாருக்காகச் செத்தால் கல்லில் பெயர். துரைமாரை எதிர்த்துச் செத்தால்?

இப்போது மில்லுக்குப் போவோம்

பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் சுதேசி மில். அதுதான் அந்தக் காலத்துச் சவானா மில், துப்பாக்கிச் சூட்டின் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படுகிற மில். இன்றைக்கும் புதுவையில் ஆர்ப்பாட்டம் என்றால் ஜனங்கள் பெரும்பாலும் அந்த மில் பக்கம்தான் கூடுகிறார்கள். கடலூர் சாலையில் ரயில்வே கேட்டருகே நீளமாகச் சுவர் ஓடும். அது ரோடியர் மில், ஏ.எஃப்.டி. என்று பிறகு பெயர் பெற்றது, 1898-இல் ஏற்பட்டது. மூன்றாவது கெப்ளே மில், பின்னால் பாரதி மில் ஆயிற்று. இந்த மூன்று சங்குகள்தான் ஒரு காலத்தில் புதுவைக்குப் பொழுது சொல்லின. நீலத்துணி வியாபாரத்தின் மேல்தான் ஆலைத் தொழிலே அங்கு முதலில் எழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1936-இல் அந்த மில்களுக்குள் நிலைமை என்ன? இருட்டில் போய் இருட்டில் திரும்புகிற வேலை. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதே கதி. பக்கத்துப் பிரிட்டிஷ் இந்தியாவில் 1926-லேயே தொழிற்சங்கச் சட்டம் வந்துவிட்டது. கடலூரைத் தாண்டி எல்லைக்கோட்டுக்கு இப்புறம் வந்தால் சங்கம் வைப்பதே சட்டத்துக்கு அந்நியமான காரியம்! சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று கட்டடம் தோறும் எழுதி வைத்த சர்க்காரின் லட்சணம் இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 1936-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சில் என்ன நடந்தது? லட்சக்கணக்கான தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். லியோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி சர்க்கார் வாரம் 40 மணி நேர வேலை, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் செய்தது. அந்தக் கோடையில்தான் பிரெஞ்சுத் தொழிலாளிகள் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சலுகைக் கட்டணத்தில் ரயிலேறிக் கடற்கரைக்குப் போனார்கள். சிப்பியையும் அலையையும் அவர்கள் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தன. அருமையான வெற்றி! நம் வெற்றி போலவே நாம் அதைக் கொண்டாடலாம்.

அதே கோடையில், அதே கொடியின் கீழ், அந்தக் கடற்கரைகளிலிருந்து பல்லாயிரம் மைல் தள்ளி இன்னொரு கடற்கரையில், எட்டு மணி நேரம் கேட்ட தமிழ்த் தொழிலாளியின் மார்பில் குண்டு பாய்ந்தது. பாரிஸில் விடுப்பு, புதுச்சேரியில் துப்பாக்கி! பிரெஞ்சுத் தொழிலாளியின் மேல் நமக்குக் கோபம் ஏதுமில்லை. காலனி நிர்வாகமும் மில் முதலாளிகளும் சேர்ந்து எழுதிய நியாயம் அது.

குண்டு போட்டால் ஓய்ந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். ஓயவில்லை. தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் இயக்கம் நின்றது. 1934-லேயே "சுதந்திரம்" பத்திரிகையைத் தொடங்கித் தொழிலாளரிடையே வேலை செய்துவந்தவர் அவர். ஆண்டு திரும்புமுன் 1937 ஏப்ரலில் ஆணை வந்தது. சங்கம் வைக்கும் உரிமை வந்தது, எட்டு மணி நேர வேலையும் சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முதல் என்று புதுவைத் தொழிலாளர்கள் அதைப் பெருமையோடு சொல்வார்கள். சொல்லட்டும், விலை கொடுத்தவர்கள். புதுவை ரயிலடி இருக்கும் சாலைக்குச் சுப்பையா சாலை என்று பெயர். ரயிலில் வருகிற ஆயிரமாயிரம் உல்லாசப் பிரயாணிகள் முதலில் கால் வைப்பது அந்தச் சாலையில்தான். எதிரே தெரிகிற மாதா கோவிலைப் படம் பிடிக்கிறார்கள். பெயர்ப் பலகையைப் படிக்கிறவர் எத்தனை பேர்?

சரி, மில்லுக்குள் போய்ப் பார்க்கலாமா? முடியாது. பூட்டிக் கிடக்கிறது. ஏ.எஃப்.டி.யை 1980-களில் அரசு எடுத்து நடத்தியது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல் அதையும் விட்டுவைக்கவில்லை. அதன் பிறகு தறி ஒழுங்காக ஓடவில்லை. புயலின் மேல் எல்லாப் பழியையும் போடுகிறவர்கள், புயல் கூரையைத்தான் பிய்த்தது, கூரையை மறுபடி போடாமல் விட்டது யார் என்று சொல்வதில்லை. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு ஏ.எஃப்.டி. மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களும் அதே ஆண்டிலேயே மூடப்பட்டன. மூடிய பிறகும் தங்களுக்குச் சேர வேண்டிய பாக்கிக்காகத் தொழிலாளர்கள் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. 2024-இல் பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது ஏ.எஃப்.டி. மைதானத்தைத் தற்காலிகப் பேருந்து நிலையமாக ஆக்கினார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்கியவர்கள் மில்லின் மண்ணை மிதித்துக்கொண்டுதான் "ஒயிட் டவுனுக்கு" ஆட்டோ பேசினார்கள்.

"சுற்றுலா சோறு போடுமே!"

இப்படி ஒரு வாதம் உண்டு. படித்தவர்களே சொல்கிறார்கள். "மில் போனால் போகட்டும். நஷ்டத்தில் ஓடிய மில். சுற்றுலா வளர்கிறதே, அதிலே வேலை கிடைக்காதா?"

கிடைக்கும். என்ன வேலை? மில் தொழிலாளிக்கு மஸ்டர் இருந்தது, பி.எஃப். இருந்தது, கிராஜுவிட்டி இருந்தது, தட்டிக் கேட்கச் சங்கம் இருந்தது. ஒருவர் சம்பளத்தில் பிள்ளை கல்லூரிக்குப் போயிற்று. ஓட்டல் வேலையில் என்ன இருக்கிறது? கான்டிராக்ட். சீசன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் முதுகு ஒடியும், செவ்வாய்க்கிழமை "நாளைக்கு வர வேண்டாம்" என்பார்கள். சம்பளம் போதாததற்கு டிப்ஸ் என்ற பிச்சை. நூல் நூற்றவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு, வளர்ச்சி என்று புத்தகம் போடுகிறார்கள்.

ஓட்டல் தொழிலாளியை நாம் குறைத்துப் பேசவில்லை. அவரும் நம் ஆள். துடைப்பம் இழிவல்ல, துடைப்பம் பிடிக்கிறவருக்குக் கொடுக்கிற கூலிதான் இழிவு. அந்த வேலைக்கும் நிரந்தரம் வேண்டும், சம்பள விடுப்பு வேண்டும், எட்டு மணி நேரம் வேண்டும். சுற்றுலாவும் இருக்கட்டும். ஆனால் ஊரே சுற்றுலாவை மட்டும் நம்பி நிற்க முடியுமா? 2020-ஐ எண்ணிப் பாருங்கள். கொரோனா வந்தது. ஓட்டல்கள் அத்தனையும் இழுத்துச் சாத்தின. கடற்கரையில் ஈ காக்கை இல்லை. எந்த ஆண்டு "சுற்றுலா சோறு போடும்" என்ற பேச்சு பொய்யாயிற்றோ, அந்த ஆண்டில்தான் மூன்று மில்களையும் ஒருவழியாக மூடினார்கள்!

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2023 ஏப்ரல் 21-ஆம் நாள் சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்றினார்கள். பன்னிரண்டு மணி நேர வேலைக்குக் கதவு திறக்கிற மசோதா. எதிர்ப்பு கொதித்தது. மே நாளன்று வாபஸ் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 1936-இல் எதற்காகச் செத்தார்களோ அதை எண்பத்தேழு ஆண்டு கழித்து, பத்து நாள் இடைவெளியில், ஒரு தடவை இழந்து மீட்டோம். ஆகவே சவானா மில் வாசல் பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மூடிக் கிடக்கும் மில் நிலம் நகரின் நடுவே இருக்கிறது. பொன் விளைகிற மனை. அதன்மேல் கண் வைப்பதற்கு ஆள் பஞ்சமில்லை என்பது யாருக்கும் தெரியும். தறி ஓட வைக்க முடிந்த இடத்தில் தறி ஓட வேண்டும். ஓட முடியாத கட்டடத்தில் மில் தொழிலாளரின் காட்சிசாலை அமைய வேண்டும். பழைய தறி, சங்கு, சம்பளச் சீட்டு, 12 பேரின் பெயர் எல்லாம் அங்கே இருக்கட்டும். துய்ப்ளேக்சுக்குச் சிலை வைத்துக் காப்பாற்றத் தெரிந்த நகரத்துக்கு இது ஒன்றும் கஷ்டமான காரியமல்ல.

கடலும் மணலும்

கடற்கரை என்று பெயர், இறங்கி நிற்க மணல் எங்கே என்று கேட்பீர்கள். பெரும்பகுதி கருங்கல்தான். 1980-களில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் கட்டினார்கள். அந்தக் கரையில் கடல் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு போகும். சுவர் குறுக்கே நின்றது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை கரைந்தது. நகரத்தின் முன்னால் கல்லைக் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. அங்கே இருப்பது யார்? மீனவர் குப்பங்கள். நகரத்துக் கடற்கரையில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்துக் கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். உல்லாசப் பிரயாணி உட்கார இடம் கிடைத்துவிட்டது. வைத்திக்குப்பம், சோலைநகர், தந்திராயன்குப்பம் பக்கம் கட்டுமரம் ஏற்றி வைக்க இடம் உண்டா என்று நடந்துபோய்ப் பாருங்கள். மாலை வேளையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். நடக்கச் சுகமான நேரம் அது, காசும் கேட்க மாட்டார்கள்.

இன்னும் சில இடங்கள்

ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவில் பாரதியார் இருந்த வீடு. வெள்ளையன் கைக்குத் தப்பி 1908-இல் வந்தவர், பத்தாண்டு புதுவையில் இருந்தார். பெரும் பாட்டுக்கள் பல அங்கேதான் பிறந்தன. பெருமாள் கோவில் தெருவில் பாரதிதாசன் வீடு. இரண்டும் காட்சிசாலைகள். பாரதிதாசன் பிரெஞ்சு சர்க்கார்ப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே பாட்டாளியைப் பாடியவர். பிள்ளைகளை அவசியம் கூட்டிப்போங்கள்.

பாரதி பூங்கா நடுவில் வெள்ளை மண்டபம் ஒன்று, ஆயி மண்டபம். ஆயி என்ற தாசி கட்டிய வீட்டைக் கோவில் என்று நினைத்து ராயர் கும்பிட்டாராம். தாசி வீடென்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவளே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம், ஊருக்குத் தண்ணீர் ஆயிற்றாம். கதைதான். ஆனால் பிற்காலத்தில் முத்திரப்பாளையத்துத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தபோது, பிரெஞ்சுச் சக்கரவர்த்தி காலத்திலே கட்டிய மண்டபத்துக்கு நிலைத்த பெயர் அவளுடையது. ராஜா பெயரும் இல்லை, துரை பெயரும் இல்லை. புதுவையிலே எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் இது.

பெரிய மார்க்கெட்டுக்குக் காலையிலே போங்கள். மீன்காரத் தாய்மாரின் பேச்சைக் கேட்பதற்கே போகலாம். அதை இடித்துக் கட்டுகிற திட்டம் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதியில் சந்தை. சட்டை, பாவாடை, பழைய புத்தகம், இரும்புச் சாமான் எல்லாம் நம் கைக்கு எட்டிய விலையில் கிடைக்கும்.

வயல் வேலைத் தோழர்கள் பாகூர் ஏரிக்கும் ஒரு நடை போகலாம். பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. நகரத்துச் சோற்றுக்கு நெல் விளைவித்த பூமி. கரையில் நின்று பார்த்தால் எத்தனை காணி பயிராக இருக்கிறது, எத்தனை காணியில் மனைக்கல் நட்டிருக்கிறது என்று உங்கள் கண்ணே அளந்துவிடும்.

ஒரு விஷயம், கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். புதுவை என்றாலே நம்மவர்களில் சிலருக்கு முகம் மலர்வது கடலுக்காக அல்ல, பாட்டிலுக்காக! விலை குறைவு என்று பஸ் ஏறுகிறார்கள். சாயங்காலம் சுவரோரம் விழுந்து கிடக்கிறார்கள். மறுநாள் கூலியும் போயிற்று, பார்க்க வந்ததும் போயிற்று. முதலாளி உறிஞ்சியது போக மிச்சம் இருந்ததைச் சாராயக்கடை உறிஞ்சுகிறது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஜூலை 30-ஆம் தேதி போக முடிந்தவர்கள் அன்றைக்கே போங்கள். தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தப் புதுவைத் தொழிலாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் அன்று கூடுகிறார்கள். கூட்டத்தோடு போய் நில்லுங்கள். முடிந்ததும் கடற்கரைப் பக்கம் வந்து, அந்தப் பெரிய ஓட்டல்களில் ஒன்றின் வாசலில் சீருடை போட்டு நிற்கிற காவலாளியிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். ஊர் எது என்று கேளுங்கள், டியூட்டி எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், உட்கார நாற்காலி தருகிறார்களா என்று கேளுங்கள். அவருடைய அப்பாவோ மாமாவோ எந்த மில்லில் வேலை பார்த்தார் என்றும் கேளுங்கள்.